பெட்டிக்கு மரியாதை சொல்லிக்கொடுத்தவர்

எங்கள் பட்டறையின் மாடிப்படியில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். கீழிருந்து மூன்றாவது படி அதற்குச் சொந்தம். மற்ற எல்லோரும் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறுவோம். எங்களோடு வேலை பார்த்த அம்மிணி ஒருவர் மட்டும் இரண்டாவது படியில் நின்று, "செத்த ஒதுங்கிக்கோங்க சாமி, நேரமாச்சுங்க" என்பார். நாய் ஒரு காதை மட்டும் அசைக்கும். அவர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டி ஏறுவார். நான்கு வருடத்தில் ஒருநாள்கூட அது ஒதுங்கவில்லை. ஒருநாள்கூட அவர் சொல்லாமல் ஏறியதும் இல்லை.

யாரையும் ஏவத் தெரியாதவர் என்று எங்கள் முதலாளி அவரைப் பற்றிக் குறையாகச் சொல்வார். வேடிக்கை என்னவென்றால், ஏவுவதுதான் அவருடைய வேலை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திருப்பூரில் பின்னலாடை மெஷினுக்கு ஊசி விற்கும் கடை ஒன்றின் மாடியில் ஐந்து பேராக உட்கார்ந்து, சாயப்பட்டறைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்துகொண்டிருந்தோம். சாயத் தொட்டியில் துணியைச் சுற்றிச் சுற்றி ஓட்டும் மெஷினுக்கு விஞ்ச் என்று பெயர். அதன் பக்கத்துச் சுவரில் எங்கள் பெட்டியை மாட்டினால், அது நீராவி வால்வைத் திறந்து மூடி, சூட்டை நிறுத்தி, நிமிடத்தை எண்ணும். பெட்டிக்குள் ஒரு சின்னச் சில்லு. அந்தச் சில்லு இன்ன நேரத்தில் இன்னது செய் என்று சொல்லும் புரோகிராமை எழுதுவது அவர் வேலை. எழுதியதைச் சுமந்துகொண்டு மொபெட்டில் போய், பட்டறை பட்டறையாக மாட்டிவிட்டு, வாங்கிக்கட்டிக்கொண்டு வருவது என் வேலை.

அவர் பொங்கலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். கோயமுத்தூரில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். நான் சேர்ந்த புதிதில் பட்டறையில் கம்ப்யூட்டர் கிடையாது. சில்லுக்குப் புரியும் குறுஞ்சொற்களைக் கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு வரியாக எழுதுவார். பிறகு ஓர் அட்டவணையைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் எண்ணாக மாற்றுவார். நடுவில் ஒரு வரி சேர்க்க வேண்டி வந்தால் அதற்குக் கீழே உள்ள எண்களெல்லாம் நகரும். பத்துப் பக்கம் அழித்து எழுதுவார், முகம் சுளிக்காமல். குறை என்று அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சொற்கள் அத்தனையும் கட்டளையாக இருக்கின்றன, எடு, வை, தாவு, நில் என்று, ஓர் இடத்தில்கூட 'செய்யறீங்களா' என்று கேட்பதற்கு வழியில்லை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கூடவே பெங்களூரிலிருந்து நான்கு ஃபிளாப்பியில் சி மொழியும் அதற்கான கம்பைலரும் வந்தன. மனிதர் படிக்கும்படி எழுதினால் அதைச் சில்லுக்கான எண்களாகக் கம்பைலரே மாற்றிக் கொடுத்துவிடும். நோட்டும் ரப்பருமாக வருடக்கணக்கில் செய்த வேலையை ஓர் இயந்திரம் பிடுங்கிக்கொண்டதே என்று அவர் வருந்துவார் என எதிர்பார்த்தேன். அவருக்கு வாயெல்லாம் பல். முதல் வாரம் முழுக்க, கம்பைலர் மாற்றிக் கொடுத்த எண்களை அச்செடுத்து, ஊரிலிருந்து வந்த கடிதம் மாதிரி படித்தார். சில இடங்களில் "நானா இருந்தா இத்தனை சுருக்கமா எழுதியிருக்க மாட்டனுங்க" என்று மெச்சிக்கொள்வார். சில இடங்களில், "பாருங்க, ஒரு வேலைக்கு மூணு நடை நடக்குது, பாவம்" என்று பரிதாபப்படுவார்.

ஆனால் அந்தக் கம்பைலரின் வாய் அவருக்குப் பிடிக்கவில்லை. ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் திரையில் 'இல்லீகல்', 'ஃபேட்டல்' என்று கொட்டும். மானிட்டரின் ஓரத்தில் அவர் ஒரு தாளை ஒட்டிவைத்தார். ஃபேட்டல் எரர் என்பதற்கு நேரே, 'ஒண்ணுமில்லீங்க, ஒரு ஃபைலைக் காணோம்' என்று எழுதியிருந்தது. இல்லீகல் என்பதற்கு நேரே, 'இந்த எழுத்து எனக்குத் தெரியாதுங்க'. இப்படிப் பன்னிரண்டோ பதினைந்தோ வரி. ஒருமுறை நான் எட்டிப் பார்த்தபோது திரையில் நாற்பது பிழை நின்றது. நான் பதறிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே முதல் வரியில் ஓர் அரைப்புள்ளி வைத்தார். நாற்பதும் போயிற்று.

"மொதல்ல சொல்றது மட்டுந்தானுங்க நெசம். மீதியெல்லாம் அந்தக் கோவத்துல சொல்றது" என்றார்.

மனிதர்களிடமும் அவர் அப்படித்தான். முதலாளி கால் மணி நேரம் சத்தம் போட்டால், அவர் முதல் வாக்கியத்தை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டு மீதியைக் காற்றோடு விட்டுவிடுவார். முதலாளிக்கே அது தெரியும். அதனால் சில நாள் இரண்டாவது வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார்.

எங்கள் முதல் பெட்டியில் எண்கள் மட்டும் தெரியும் சிவப்புத் திரை இருந்தது. வேலைகளுக்கும் எண்தான். ஒன்று என்றால் தண்ணீர், இரண்டு என்றால் சூடு. தவறாக அழுத்தினால் பெட்டி கீச்சென்று கத்தி, திரையில் 'எர்' என்று ஆங்கிலத்தில் காட்டும். நெருப்பெரிச்சல் ரோட்டில் ஒரு சாயப்பட்டறையில் அதை மாட்டிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துப் போனால், பெட்டியின் மேல் ஒரு கோணிச் சாக்கைப் போர்த்தி மூடியிருந்தார்கள். போர்த்தியவர் அங்கே டையிங் மாஸ்டர். ஐம்பது வயதைத் தாண்டியவர். எந்தத் துணிக்கு எவ்வளவு சாயம், எவ்வளவு சூடு என்பதெல்லாம் அவர் விரலில் இருந்தது.

"முப்பது வருசமாச் சாயம் போடறனுங்க. எங்கய்யன்கூட என்னையத் தப்புன்னு பத்துப் பேரு முன்னால சொன்னதில்லீங்க. இது கத்திக் கூப்புட்டுச் சொல்லுது" என்றார்.

எங்கள் பட்டறைக்கு வந்து சொன்னேன். முதலாளி, பயிற்சி போதாது, இன்னொரு முறை போய்ச் சொல்லிக்கொடு என்றார். புரோகிராம் எழுதியவர் நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை நேராகச் சாயப்பட்டறைக்கே போய்விட்டார். நான்கு நாள் மாஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு சாயப் பீப்பாயைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, மாஸ்டர் ஆட்களிடம் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"ஏழு வார்த்தைதானுங்க" என்றார். "நாலு நாளா மாஸ்டர் அத்தனை கலருக்கும் அந்த ஏழைத்தானுங்க மாத்தி மாத்திச் சொல்றாரு."

தண்ணி, சூடு, ஓட்டு, உப்பு, சோடா, எறக்கு, மறுக்கா. இவ்வளவுதான்; சாயத்தைக் கரைத்து ஊற்றுவது மட்டும் மாஸ்டரின் கை. தண்ணி விட்டு, அறுபது சூடு வைத்து, இருபது நிமிடம் ஓட்டி, உப்புப் போட்டு, சோடா போட்டு, ஓட்டி, தண்ணியை எறக்கு. கழுவுவதற்கு, மறுபடி தண்ணி, ஓட்டு, எறக்கு, மறுக்கா இரண்டு. அந்தக் கடைசிச் சொல்லில்தான் அவருக்குப் பெரிய ஆனந்தம். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்ல ஒவ்வொரு கம்ப்யூட்டர் மொழியும் ஒரு வழி வைத்திருக்கிறது. எங்கிருந்து எதுவரை என்று வேலி கட்டிக் காட்ட வேண்டும். மாஸ்டர் மறுக்கா என்றால் எப்போதும் கடைசியாகத் தண்ணி விட்ட இடத்திலிருந்துதான். வேலியே வேண்டாம். இதைவிடச் சுத்தமான மொழியைத் தான் படித்ததில்லை என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளியின் மனைவி சாப்பாட்டுத் தூக்குப் போசியோடு வந்தபோது அவரிடமும் சொன்னார். அந்த அம்மாள் சரிங்க சரிங்க என்று கேட்டுக்கொண்டார்.

எண் பொத்தான்களுக்குப் பக்கத்தில் இந்த ஏழு சொல்லுக்கும் ஏழு பொத்தான் வைத்தோம். சிவப்புத் திரையை எடுத்துவிட்டு எழுத்துக் காட்டும் பச்சைத் திரை போட்டோம். அந்தத் திரைக்கு ஆங்கில எழுத்து பிறவியிலேயே தெரியும். நாமாக வரைந்து கொடுக்கும் எழுத்து ஒரு நேரத்தில் எட்டுதான் தாங்கும். ஒவ்வொன்றும் குறுக்கே ஐந்து புள்ளி, நெடுக்கே எட்டுப் புள்ளி. அவர் கணக்கு நோட்டின் கட்டங்களில் பென்சிலால் தமிழ் எழுத்தை வரைந்துகொண்டிருந்தார். மாஸ்டர் ஓட்டு என்று அழுத்திவிட்டு எத்தனை நிமிடம் என்று சொல்லாமல் விட்டால், பெட்டி 'எத்தனைங்க' என்று கேட்க வேண்டும். எ, த், த, ஐகாரக் கொம்பு, ன, ங், க. எண்ணிப் பார்த்துவிட்டு, ஏழுக்குள் அடங்கிவிட்டது, ஒன்று மிச்சம் என்று மேசையைத் தட்டினார். கீச்சென்ற சத்தத்தையும் மாற்றி, தொண்டையைச் செருமுவது போல ஒரு சின்ன ஒலியாகக் குறைத்தார்.

அங்கேதான் அடி விழுந்தது.

புதுப் பெட்டி மாட்டிய இரண்டாம் வாரம், அரக்கு நிறத்தில் சாயம் போட ஒரு பெரிய லாட் துணி. மாஸ்டர் தன் விரலாலேயே எல்லாவற்றையும் அழுத்தி ஓடவிட்டுவிட்டு, பாய்லர் பக்கம் ஏதோ கசிகிறது என்று போயிருந்தார். நடுவில் ஓர் ஓட்டுக்கு எத்தனை நிமிடம் என்று அழுத்தாமல் விட்டிருந்தார். அந்த இடம் வந்ததும் பெட்டி விஞ்சை நிறுத்திவிட்டு 'எத்தனைங்க' என்று கேட்டு நின்றது. பணிவாகச் செருமியது. மெஷின்களின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? சூடான சாயத்தில் துணி அசையாமல் அரை மணி நேரம் கிடந்தது. வெளியே எடுத்தபோது திட்டுத்திட்டாக இருந்தது. அப்படித் திட்டு விழுந்த துணிக்கு ஒரே மருந்து கறுப்பு. அரக்குக்குக் காத்திருந்த எக்ஸ்போர்ட் ஆர்டருக்குக் கறுப்பைக் கொடுக்க முடியாது.

நானும் அவரும் எங்கள் முதலாளியும் போனோம். சாயப்பட்டறை முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். யாருடைய தவறு என்பது மட்டும் தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார். எங்கள் முதலாளி பெட்டியின் நினைவிலிருந்து மாஸ்டர் அழுத்தியதை எடுத்துக் காட்டினார். எண் இல்லை. பெட்டி கேட்டிருக்கிறது, பதில் சொல்ல ஆள் இல்லை. பொய் ஒன்றும் இல்லை அதில். மாஸ்டர் தலையைக் குனிந்து நின்றார். கை இரண்டும் மணிக்கட்டு வரை அரக்கு. சுற்றிலும் அவரிடம் வேலை செய்பவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற அவர் இரண்டடி முன்னால் வந்தார். 

"தப்பு எங்களதுங்க" என்றார். "நம்பர் இல்லீன்னா பொட்டி ஆரம்பிச்சே இருக்கக்கூடாதுங்க. ஆரம்பிச்சுட்டு அப்புறம் கேட்டது நான் எழுதுன தப்புங்க."

எங்கள் முதலாளியின் முகம் செத்துவிட்டது. சாயப்பட்டறை முதலாளி அவர் பக்கம் திரும்பினார். பிறகு, பதினைந்து நாளில் சரிசெய்து காட்டினால் வைத்துக்கொள்வதாகவும், இல்லாவிட்டால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும் என்றும் சொல்லி உள்ளே போனார். மாஸ்டர் அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். மாஸ்டரின் கோபம் வெகுநேரம் ஓடியது. அவர் வழக்கம்போல முதல் வாக்கியத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். திரும்பும் வழியில் காட்டினார்: 'பந்தில உக்கார வெச்சுப்போட்டு, நடுச்சோத்துல கொழம்பு வேணுமான்னு கேட்டுட்டு, பரிமாறாம அப்படியே நின்னுக்கறதாங்க அம்மிணி?'

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் திரும்ப எழுதினார். இதுவரை பெட்டி ஒவ்வொரு சொல்லாகப் படித்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தது. இனி, முதலில் கடைசிச் சொல் வரை முழுவதையும் படிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் அப்போதே கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்க வேண்டும். இறங்கிய பிறகு வாயே திறக்கக் கூடாது. வேறு வார்த்தையில் சொன்னால், மாஸ்டரின் ஏழு சொல்லுக்கும் ஒரு கம்பைலரை அந்தச் சின்னப் பெட்டிக்குள் வைக்கப் பார்த்தார்.

பெட்டிக்குள் இடம் போதவில்லை. சில்லுக்குப் பக்கத்தில் இருந்த நினைவகம் எட்டாயிரம் எழுத்துக்குத்தான். புரோகிராம் அதைத் தாண்டி வழிந்தது. ஒவ்வொரு முறையும் நினைவகத்தைக் கழற்றி, புற ஊதா விளக்குப் பெட்டியில் இருபது நிமிடம் வைத்து அழித்து, திரும்ப எழுத வேண்டும். அழிகிற இருபது நிமிடத்தில் அவர் என்னோடு ஆடுபுலி ஆட்டம் ஆடுவார். பதினைந்து நாள் கெடுவில் எட்டு நாள் போய்விட்டது. எங்கள் முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டி பேசும் வாசகங்களையெல்லாம் பார்த்துவிட்டு அவரிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இந்த 'ங்க'வையெல்லாம் எடுத்துட்டா எடம் கெடைக்காதாங்க?"

"கெடைக்குமுங்க. ஆனா நீங்களே இப்பக் கேக்கறப்ப எடுக்க முடியலீங்களே" என்றார்.

 முதலாளி பட்டறையே அதிரச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டு, சட்டென்று நிறுத்தி, வாசகங்கள் இருந்த தாளைத் தன் பக்கம் இழுத்தார். எத்தனைங்க, எவ்வளவுங்க, சொல்லுங்க, பாருங்க, ஆச்சுங்க. எல்லாமே 'ங்க'வில்தான் முடிகின்றன. எல்லாவற்றிலும் தனித்தனியாக அதை எதற்குச் சேமிக்க வேண்டும்? ஒரே ஓர் இடத்தில் எழுதிவைத்து, ஒவ்வொரு வாசகம் முடியும்போதும் அதைக் கூப்பிட்டால் போதும். அன்றைக்கே அப்படி மாற்றினார். கொஞ்சம் இடம் கிடைத்தது. அதே யோசனையில் மற்ற பொதுவான துண்டுகளையும் தேடித் தேடி ஒன்றாக்கினார். கம்பைலர் மூன்று நடை நடந்த இடங்களைக் கையாலேயே திருத்தி ஒரு நடையாக்கினார். பதிமூன்றாம் நாள் மத்தியானம் எல்லாம் உள்ளே அடங்கியது. புரோகிராமில் அந்தப் பகுதிக்கு அவர் வைத்திருந்த பெயர் 'மரியாதை'. பின்னாளில் நாங்கள் செய்த எல்லாப் பெட்டிகளிலும் அது இருந்தது.

இரண்டு வருடம் கழித்து அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. கல்யாணமும் அங்கேயே ஆயிற்று என்று கேள்விப்பட்டேன். ஒரே ஒரு கடிதம் வந்தது. அங்கே உள்ள கம்பைலர் இன்னும் மோசமாகத் திட்டுகிறது, ஆனால் சக ஊழியர்கள் தங்கமானவர்கள் என்று எழுதியிருந்தார். நான் பதில் போட்டேன். அதற்குள் வீடு மாறிவிட்டார்கள் போலிருக்கிறது. கடிதம் திரும்பி வந்துவிட்டது.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அந்தப் பதினைந்தாம் நாள்தான் வருகிறது.

மாம்பழ மஞ்சள் நிறத்தில் ஒரு சிறிய லாட்டைக் கொடுத்திருந்தார்கள். கெட்டால் கெடட்டும் என்ற அளவுக்குச் சிறியது. மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏழு பொத்தான்களில் மெதுவாக அழுத்திக்கொண்டு வந்தார். கடைசியில் மறுக்கா என்று அழுத்தினார். எண்ணை அழுத்தவில்லை. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓடவிடும் பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

தண்ணீர் வரவில்லை. விஞ்ச் சுற்றவில்லை. திரையில் எழுத்து வந்தது. எத்தனைங்க?

மாஸ்டர் குனிந்து பார்த்தார். ஆட்களை ஒருமையில் விரட்டியே பழகிய குரல் அவருடையது. அந்தக் குரல் தணிந்து, பெட்டியைப் பார்த்து, "ரெண்டுங்க" என்றது. சொன்ன பிறகுதான் பொத்தான் ஞாபகம் வந்து இரண்டை அழுத்தினார். தண்ணீர் திறந்தது.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

அதன் பிறகு பெட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. சாயத் தண்ணீர் இறங்கியதும், கழுவலுக்கு முன்பாக, மாஸ்டர் துணியின் ஒரு முனையை இழுத்து வெயில்படும் இடத்துக்குக் கொண்டுவந்தார். ஓர் ஓரத்தைத் தான் பிடித்துக்கொண்டு மறு ஓரத்தை அவரிடம் நீட்டி, நீங்களே பாருங்க அம்மிணி என்றார். அவர் ஈரத் துணியை இரண்டு கையாலும் வாரி, சாணுக்குச் சாண் திருப்பிப் பார்த்தார். திட்டே இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். விட்டால் லாட் முழுவதையும் பார்த்திருப்பார். கழுவாத சாயம் அல்லவா, முழங்கை வரை ஏறிவிட்டது. அந்தக் கையோடு பல்லடம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனார்.

மறுநாள் வந்து அவரே சொன்னார். கண்டக்டர் அவர் கையைப் பார்த்துவிட்டு, என்ன அம்மிணி, மஞ்ச நீராட்டா, கல்யாணமா என்று கேட்டாராம். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அத்தனை சந்தோசமாக் கேட்டாருங்க. இல்லீன்னு சொல்ல மனசு வல்லீங்க. ஆமாங்கன்னு சொல்லிப்போட்டனுங்க" என்றார்.